சென்றிக்கு அப்பால் இருந்த வயல்

இடது காலில் செருப்பு இல்லாமலேயே வீட்டு வாசல்வரை நடந்து வந்திருக்கிறேன். எனக்கு அது தெரியவில்லை. முருங்கன் சந்தியில் தையல் கடை வைத்திருந்த என் கணவர்தான் பார்த்துவிட்டு, செருப்பு எங்கே என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். பாதத்தில் ஒரு முள் ஏறியிருந்தது, வலிக்கவில்லை. என் நோய் அப்படித்தான் தொடங்கியது.

அடுத்த சில நாட்களில் முழங்கால்கள் மடிந்தன. பிறகு சோற்றைப் பிசையக்கூட விரல்கள் வரவில்லை. சண்டைக் காலம். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என்னைப் பாயோடு தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிலன் பாரே (கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி உடம்பின் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார் டொக்டர். அவர் எதையும் மறைக்கவில்லை.

"மூச்சு விடுற தசைக்கு மட்டும் இது ஏறாட்டி நீங்கள் எழும்பி நடப்பீங்கள். ஆனா மெதுவாத்தான் வரும், அவசரப்படக் கூடாது."

ஏறவில்லை. இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைசியாகப் போனது முதலில் திரும்பி வரும். எனக்குக் கைகள் முதலில் வந்தன. பாதம்தான் மாதக்கணக்கில் அடம்பிடித்தது. அதைப் பாதத் தொய்வு (பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது) என்பார்கள். நடக்கும்போது பெருவிரல் தரையில் தட்டி விழுத்தும்.

என் கணவருக்கு வயலில் வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. ஆனால் பழைய பையின் கன்வஸ் துணியிலும் இலாஸ்டிக்கிலும் ஒரு பட்டி தைத்தார். ஒரு முனை முழங்காலுக்குக் கீழே, மறுமுனை செருப்பின் முன்பக்கம். அது என் பாதத்தைத் தூக்கிப் பிடித்தது. டொக்டர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறொரு நோயாளிக்கும் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அன்று வார்ட்டில் என்னை விடப் பெருமைக்காரி யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றடிவரை நடந்து பழகினேன். வயல் காவலுக்கு வளர்த்த வீமனும் ஜிம்மியும் கூடவே வரும். நான் நின்றால் அவையும் நிற்கும். நான் கீழே இருந்தால் அவையும் படுத்துவிடும். பன்றியைக் கண்டால் காட்டுக்குள் பாய்ந்து போகும் நாய்கள் அவை. எனக்குக் காவல் நிற்பதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும்.

விதைப்புக் காலம் வந்தது. என் சீதன வயல் கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலை ஒட்டி, ஆமி சென்றி என்ற காவலரணுக்கு அப்பால் இருந்தது. வாகனம் விடமாட்டார்கள். பாஸ் உள்ள வயல்காரர் நடந்து போய், இருட்ட முன் திரும்ப வேண்டும். இந்தமுறை பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்குக் கொடுப்போம் என்றார் என் அண்ணன். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் கைமாறிய காணி திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

"நான் ஒருநாள் நடந்து போய்த் திரும்பி வாறன். ஏலாட்டி நீங்கள் சொன்னபடி குடுங்கோ" என்றேன்.

விடியவே புறப்பட்டோம். கணவர் சைக்கிளில் சென்றிவரை வந்து, பாஸ் இல்லாததால் ஒரு மரத்தடியில் இருந்துவிட்டார். அதற்கு அப்பால் நானும் இரண்டு நாய்களும்தான். மிதிவெடிக்குப் பயந்து மாட்டுத் தடத்தை விட்டு விலகாமல் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நாய்கள் முன்னே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன. நாய்க்குக்கூட நான் நோயாளிதான் என்று உள்ளுக்குள் கொதித்தது.

உச்சிவெயிலில் வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பன்றி கிளறிய வரம்புகளும் இடுப்பளவு புல்லும் இருந்தன. அதைக் கண்டதும் அழுதுவிட்டேன். கட்டிக்கொண்டு போன புட்டில் பாதியை நாய்களுக்குப் போட்டுவிட்டு, வரம்பைச் சுற்றி ஒரு நடை வந்தேன். எங்கே வெட்ட வேண்டும், எங்கே மண் போட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில், வறண்ட வாய்க்காலைக் கடக்கும்போது விழுந்தேன். நாய்கள் ஓடிவந்து பக்கத்தில் படுத்துக்கொண்டன. அவற்றைத் திட்டினேன். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தபடி முதலில் கைகளை ஊன்றி, பிறகு ஒரு முழங்காலை ஊன்றி எழும்பினேன். யாரும் பிடிக்கவில்லை.

கொஞ்சத் தூரம் போயிருப்பேன். பற்றைக்குள்ளிருந்து ஒரு முயல் பாய்ந்தது. இரண்டு நாய்களும் அதன் பின்னால் பறந்தன. கூப்பிட்டேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. தனியே நடந்தேன்.

கடைசி வளைவைத் தாண்டியதும் சென்றி தெரிந்தது. நாய்கள் எனக்கு முன்பே அங்கே போயிருந்தன. அவை மட்டும் வந்ததைக் கண்ட கணவர், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே விடும்படி ஆமிக்காரனிடம் கைகூப்பி மன்றாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அப்படியே தரையில் இருந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"என்னத்துக்கு அழுறியள்? நாயளே என்னைப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை" என்றேன்.

வீட்டில் அண்ணன் காத்திருந்தார். என் முழங்காலில் இருந்த மண்ணைப் பார்த்தார். விழுந்தனியா என்று கேட்டார். ஓம், எழும்பியும் வந்தனான் என்றேன். குத்தகைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. விதை நெல்லை நனையப் போட்டோம்.

இடது பாதம் தரையைத் தொட்டதை இன்றும் கொஞ்சம் பிந்தித்தான் எனக்குச் சொல்லும். அது சொன்ன பிறகுதான் அடுத்த அடியை வைக்கிறேன். முன்பெல்லாம் வயலுக்குப் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இப்போது வழியில் எந்த இடமும் எனக்குத் தெரியாமல் கழிவதில்லை. எத்தனை மணிக்கு வருவீர் என்று கணவர் கேட்டால் மணி சொல்வதில்லை. பிந்தித்தான் வருவன், நீங்கள் உலையை வையுங்கோ என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.