வலது தோளில் முந்தானை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது பழகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை என் தையல் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி தைக்க வந்தவள். ஒருத்தி அவளுக்குத் துணை. இன்னொருத்தி மண்டபத்துக் காற்றாடிக்காக வருகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். கோல சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில்தான் வகுப்பு. முன்பெல்லாம் துணி விரிக்க இடம் கிடைக்காது.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? ராஜேஸ்வரியிடம்.

ராஜேஸ்வரி இருப்பது சுங்கை ஆயர் தாவாரில். அங்கே யாரும் பஸ் ஏறிப் போகவில்லை... போனைத் திறந்தால் போதும், அவள் வந்து நின்று ரவிக்கை வெட்டச் சொல்லித் தருகிறாள். மருமகள் ஒரு ஸ்டாண்டும் வட்ட விளக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வீடியோ எடுத்து யூடியூபில் போட்டு, லிங்க்கை மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதும் அந்த மருமகள்தான்.

நானும் ராஜேஸ்வரியும் ஒரே எஸ்டேட். எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மாவிடம் ஒரே மெஷினில் மாறி மாறி உட்கார்ந்து தையல் பழகினோம். அவள் தைக்கிற ரவிக்கையில் கைப்பட்டி எப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கும். என்னுடையது நிற்காது. இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பத்தியை எழுத முடியாது.

நானும் ஒருநாள் வீடியோ எடுத்துப் பார்த்தேன். பிஸ்கட் டின்னில் போனைச் சாய்த்து வைத்து, “வணக்கம் பிள்ளைங்களா” என்றேன். போட்டுப் பார்த்தால் பயந்துபோன ஒரு கிழவி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அழித்துவிட்டேன்.

என்னிடம் படித்துக்கொண்டிருந்த மாலதிக்குப் புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவாள். வகுப்புக்கு ஏன் வருவதில்லை என்று கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன்.

“ராஜி ஆன்ட்டி வீடியோ பாத்துக்கிறேன் லா, ஆன்ட்டி. ஷிப்ட் முடிஞ்சி படுத்துக்கிட்டே பாக்கலாம். புரியலன்னா திருப்பிப் போட்டுக்கலாம். உங்கள திருப்பிப் போட முடியுமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகும் அந்தச் சிரிப்பு வாயில் அப்படியே காய்ந்துபோய் நின்றது.

அன்றிலிருந்து ராஜேஸ்வரியின் வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறேன். கற்றுக்கொள்ளவா? இல்லை... குற்றம் கண்டுபிடிக்க. சாயங்காலத் தேநீரோடு உட்கார்ந்தால் கடைசிவரை பார்ப்பேன். வாய் பேசுகிற அளவுக்குக் கை பேசவில்லை என்று தேற்றிக்கொள்வேன். ஆனால் நன்றாகத்தான் சொல்லித் தருகிறாள். அதுதான் எரிச்சல்.

போன வாரம் கிடைத்தது.

கொக்கி வைக்கிற பாடம். தைத்து முடித்த ரவிக்கையைத் தன் மேல் வைத்துக் காட்டுகிறாள். கொக்கிப் பட்டி இடது பக்கம் இருந்தது! வலது பக்கம் அல்லவா வரவேண்டும்? மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்... ராஜேஸ்வரியின் முந்தானையே வலது தோளில் கிடந்தது. மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது. அவள் சரியாகத்தான் தைத்திருக்கிறாள். போன்தான் கண்ணாடிபோல இடம் வலம் மாற்றிப் பதிந்துவிட்டது. இந்தத் தடவை முகம் தெரிகிற பக்கத்துக் கேமராவில் எடுத்திருப்பார்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? அன்று இரவுச் சோறு எனக்கு அவ்வளவு ருசித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தைக்கட்டும், கெட்டுப்போன ரவிக்கையோடு மண்டபத்துக்குத் திரும்பி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மாலதியின் அம்மா கோயிலில் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, மூத்தவ கல்யாண ரவிக்கைய மாலதியே தைக்கிறேன்னு நிக்கிறா. பட்டுத் துணி. வெட்டியாச்சு, நாளைக்கிப் பட்டி வைக்கணுமாம். அந்த வீடியோல சொல்றது சரிதானே?”

பருத்தியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். பட்டில் ஊசி போட்ட ஓட்டை போகாது. கல்யாணப் பெண் மேடையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். அப்போது நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

“கொக்கி வலது பக்கம் வைக்கச் சொல்லு. வீடியோல மாறித் தெரியுது” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மற்ற பிள்ளைகள்? வீட்டுக்கு வந்து ராஜேஸ்வரிக்குப் போன் போட்டேன்.

“ஏய், உன் முந்தானை எந்தத் தோள்ல கெடக்குது?” என்றேன்.

“என்னடி கேள்வி இது? எடது தோள்லதான்.”

“வீடியோல போய்ப் பாரு.”

பார்த்துவிட்டு வந்தாள். நன்றி சொல்லுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

“மருமக சொல்லிக்கிட்டே இருந்துச்சி. யூடியூப் காட்டுற கணக்குல யாரோ ஒரு ஆளு மட்டும் எல்லா வீடியோவையும் கடைசி வரைக்கும் பாக்குதாம். மத்ததெல்லாம் பாதியில ஓடிருதுங்க. நீதானாடி அது?”

“எனக்கு வேற வேலை இல்லியா?” என்றேன். காது சுட்டது. “பாரு, திருத்திப் போடும்போது என் பேரை இழுக்காத. எனக்கு இந்த விளம்பரம்லாம் ஆகாது.”

“சரி, இழுக்கல.”

மறுநாளே திருத்திய வீடியோ வந்துவிட்டது. முந்தானை ஒழுங்காக இடது தோளில். “எனக்கு வேண்டியவங்க ஒருத்தவங்க தப்பைக் காட்டிக் கொடுத்தாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுடைய மற்ற வீடியோக்களைவிட இதற்குத்தான் லைக் அதிகம். தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு என்று மாலதியும் எழுதியிருக்கிறாள்.

பெரிய மனசாம். கண்டுபிடித்தது யார்?

பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. சொல்லாதே என்றால் ஒருவர் இத்தனை ஒழுங்காகவா சொல்லாமல் இருப்பார்?

ஒரு விவரம் மட்டும் எனக்கு நிச்சயமில்லை. “வேண்டியவங்க” என்றுதான் சொன்னாளா, இல்லை வெறுமனே “தெரிஞ்சவங்க” என்றாளா? மறதிக்காரி நான், மாற்றி எழுதியிருப்பேன். உங்களில் யாராவது அந்த வீடியோவைப் பார்த்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

நான் பார்க்கமாட்டேன், கடைசிவரை பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.