முப்பத்தெட்டுத் துண்டுகள்

பாராட்டியே என்னைக் கெடுத்தார்கள் என்று சொன்னால் எங்கள் சபையில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். ராஜபாளையத்தில் முப்பத்தெட்டே குடும்பங்கள் உள்ள சின்னக் கிறிஸ்தவச் சபை அது. மில் வேலை, வாத்தியார் வேலை, தையல் கடை என்று ஆளுக்கொரு பிழைப்பு. ஆனால் விளையாட்டுப் பேச்சு வந்துவிட்டால் எங்களைப் பிடிக்க முடியாது. மாநில அணியில் ஆடிய கூடைப்பந்துக்காரர், பூப்பந்தில் மதுரை வரை பேர் வாங்கிய அண்ணன், மில் அணியின் கபடிக்காரர், ஆள் குட்டையானாலும் அரிசி மூட்டை மாதிரி இரும்பைத் தூக்கும் ஒரு சித்தப்பா. ஐந்தாவது நான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அசனத்தன்று, எங்கள் ஐந்து பேருக்கும் பாராட்டு விழா வைத்தார்கள். வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஆடு அடித்து, கோயில் வளாகத்தில் எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் அசனம். அதே நாள் பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வருஷம். சபைச் செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே சொன்னேன்.

“ஏட்டி, எட்டு மணிக்கு ஆரம்பிச்சா எம்புட்டு நேரம் ஆகப்போகுது? பொறவு நானே ஜீப்புல கொண்டு விடுதேன்” என்றார்.

நோட்டீஸ் அச்சடித்து வந்தது. என் பெயருக்குக் கீழே ‘மாவட்ட ஓட்ட வீராங்கனை’ என்று போட்டிருந்தார்கள்.

“இன்னும் தேர்வே நடக்கலியே மாமா?” என்று செயலாளரிடம் கேட்டேன்.

“நீ போனா எடுக்காம விட்டுருவானா?”

அதைக் கேட்டு எனக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போயிற்று. மறைப்பானேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் தன் கையாலேயே துண்டு போர்த்தி, மைக்கில் இரண்டு வார்த்தை பேசவேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் அந்த வீட்டு அரிசி அசனத்துக்கு வராது. ஐந்து பேருக்கும் தனித்தனியாக முப்பத்தெட்டு வீடும் போர்த்தினால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. வயதுப்படி அழைத்ததால் நான் கடைசி.

பாவாடைக்குள் ஓட்ட உடையைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு என் முறை வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகத் துண்டு ஏறியது. நடுவில் எடுத்துக் கீழே வைத்தால் மரியாதை இல்லை. கழுத்து வெந்தது. ஒரு பெரியவர், “எங்க பிள்ளை ஓடுனா காத்து பின்னால நிக்கும்” என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒருமுறை பாதி எழுந்தேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து முன்வரிசையில் இருந்த அப்பா, உட்காரு என்று கை காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அந்த மனிதர்கள்மேல் எனக்கு அன்று வந்த கோபத்தை என்னவென்று சொல்ல!

மேடைக்கு மூன்றே படி. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அதைவிட அதிக தூரத்தை வாரம் ஒருமுறை ஓடிப் பழகிய கால்கள் எனக்கு. அந்த மூன்று படியை மட்டும் அவற்றால் இறங்க முடியவில்லை.

ஜீப் மைதானத்துக்குப் போனபோது மணி பதினொன்றரை. ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் ஓட்டம் முடிந்து பட்டியலும் எழுதியாயிற்று என்றார். செயலாளர் கெஞ்சிப் பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், என் மடியில் கிடந்த துண்டுகளில் ஒன்றை உருவி அந்த ஆளுக்குப் போர்த்தினார். அவர் திகைத்துப்போய்க் கும்பிட்டார்.

திரும்பி வந்தபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. “என்னாச்சு?” என்று நாலு பக்கமும் கேட்டார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். நான், ஜீப்பில் கூடவே வந்திருந்த அப்பாவைப் பார்த்தேன்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சது” என்றார் அப்பா. எனக்கு ஒரு இலை போட்டார்கள்.

அதன்பிறகு நான் ஓடவில்லை. மறுவருஷ அசன நோட்டீசிலும் என் பெயருக்குக் கீழே அதே ‘மாவட்ட ஓட்ட வீராங்கனை’. மைக்கில் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் அப்பா எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார், என் முகத்தைப் பார்க்காமல். மூன்று படி ஏறிப்போய், முதல் துண்டுக்குக் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன்.