தார்க் கண்மாய்க்கு ஒரு சாட்சி

எங்கள் ஊரில் ஒரு ஆளுக்குப் பட்டப்பெயர் வைக்க அரை நாள் போதும். செவந்தி வந்து இறங்கிய மறுநாளே ‘தார்க்காரி’ ஆகிவிட்டாள்.

அது முப்பத்தாறாம் வருஷம். அறந்தாங்கிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து இளவட்டத்தில் கப்பலேறி, டிரினிடாட் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன சந்தனம், நரைத்த தலையோடு திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவி செவந்தி. அவளுடைய தாய் தகப்பன் நம் பக்கத்து ஆட்கள்தான். அவள் மட்டும் அந்தத் தீவிலேயே பிறந்தவள். இந்த மண்ணை அப்போதுதான் முதல் தடவையாக மிதிக்கிறாள்.

ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க வந்தவளைப் பெண்கள் சும்மா விடுவார்களா? “ஒங்க ஊர்ல என்னத்தா இருக்கு?” என்று வாயைப் பிடுங்கினார்கள். அவளும் கபடில்லாமல் சொன்னாள். கல்யாணமான புதிதில் சந்தனம் அவளை வண்டி கட்டிக் கூட்டிப்போய்த் தீவைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அங்கே ஒரு கண்மாய், கரைக்குக் கரை தார்தானாம். அதன் மேல் நடக்கலாமாம். வெட்டி எடுத்த பள்ளம் தானாகவே தூர்ந்துவிடுமாம். இன்னோர் இடத்தில் தரையைப் பிளந்துகொண்டு சேறு கொதிக்கும்; கையை வைத்தால் சில்லென்று இருக்கும். பொழுது சாயும்போது சதுப்புக்காட்டு மரங்களில் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்த பறவைகள் கூட்டமாக வந்து அடையும். மொகரம் பண்டிகைக்கு முஸ்லிம்கள் காகிதக் கோபுரம் கட்டுவார்கள்; நம் ஆட்களும் சேர்ந்து கொட்டடித்துத் தூக்கிப்போய்க் கடலில் விடுவார்கள்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்பினார்கள். கோட்டைப்பட்டினத்துத் தர்காவின் சந்தனக்கூட்டுக்கு எல்லாரும் போய் வந்தவர்களாயிற்றே! மற்றதெல்லாம் சுத்தப் புளுகு என்று தீர்ப்பாகிவிட்டது. “தண்ணியில்லாத கம்மாய் நம்ம ஊர்லயுந்தான் கெடக்கு, முக்காவாசி வருசத்துக்கு” என்று கண்ணாத்தாள் சொல்ல, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்பைச் செவந்தி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. கப்பலில் சந்தனத்துக்குக் காய்ச்சல் கண்டு, இப்பவோ அப்பவோ என்று கிடந்தபோது, கண்ணால் பார்த்தேயிராத எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள். இவர் பிழைத்தால் உன் பூக்குழியில் இறங்குகிறேன் என்று. மனுஷர் பிழைத்துவிட்டார். பங்குனியில் காப்புக் கட்டும் நாளன்று மஞ்சள் சேலையோடு கோயில் வாசலில் போய் நின்றாள்.

ஊர்த்தலைவர் முத்துராமன் அம்பலம் கையை நீட்டி மறித்தார்.

“நீ எறங்கப்படாதுத்தா. பொய் பேசுன காலு பட்டா மாரியாத்தா சும்மா விடாது. ஒன் காலு வெந்துச்சுன்னா ஊருக்கே ஆகாது.”

“நான் என்னங்கய்யா பொய் சொன்னேன்?”

“தார்க் கம்மாய்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செவந்தி நகரவில்லை.

“அது நெசங்க. நெசமா பொய்யான்னு ஆத்தாவே சொல்லட்டும். நெருப்புல எறங்குறேன், பாத்துக்கங்க.”

அம்பலத்துக்கு இது சரியான போட்டியாகப் பட்டது. “அப்படின்னா அந்தத் தீவப் பத்தி ஒங்க வீட்டுலேருந்து வந்த பேச்சு அம்புட்டும் நெசமின்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. காப்புக் கட்டச் சொல்றேன்” என்றார்.

அங்கேதான் சனியன் பிடித்தது. சந்தனம் வந்த நாள் முதலாக ஊர்ச்சாவடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்த கதை வேறு. அங்கே தாம்தான் கங்காணியாம், வெள்ளைக் குதிரையில் ஏறித்தான் தோட்டத்தைச் சுற்றுவாராம். அதற்காகவே சாவடியில் முதல் வெற்றிலையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

செவந்தி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்து, “ஏ புள்ள, வீட்டுக்குப் போயிருவோம். சாமி கோவிச்சுக்காது” என்று முணுமுணுத்தார்.

“வரமாட்டேன். நான் ஆத்தாகிட்ட கேட்டது ஒங்க உசிர. அது குடுத்துருச்சு. நான் எறங்கியே ஆகணும். நீங்க சொன்னத நீங்களே திருப்பி எடுங்க.”

“மானம் போயிருமேடி.”

“போகட்டுங்க. உசிரு இருக்குல்ல?”

சந்தனம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “குதிரை நெசந்தாங்க. ஆனா அது தொரையோட குதிரை. நான் அதுக்குப் புல்லு அள்ளிப் போட்டேன். கங்காணி கிங்காணி எல்லாம் இல்ல. கரும்புதான் வெட்டுனேன்” என்றார். இளவட்டங்கள் ஊளையிட்டார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செவந்தி சூடத்தை உள்ளங்கையால் அணைத்தாள். பூசாரி காப்பைக் கட்டினார்.

பூக்குழி அன்றைக்கு ஊரே அவள் காலைப் பார்க்கத்தான் கூடியது. எல்லாரும் ஒரே ஓட்டமாக ஓடித் தாண்டுவார்கள். இவள் நடந்தாள், பிடிவாதக்காரி! சந்தனம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு “ஆத்தா, ஆத்தா” என்று அரற்றிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் பால் ஊற்றி வைத்த குழியில் கால் வைத்து நின்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். “ஆத்தா சொல்லிருச்சுய்யா! தார்க் கம்மாய் நெசந்தான்!” என்று அம்பலமே கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவளோ கோயில் படியில் உட்கார்ந்து இடது காலை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். குலவை பாதியில் நின்றுவிட்டது.

“என்னத்தா இது?” என்றார் அம்பலம். அவர் குரல் இறங்கிவிட்டது.

“சுட்டுருச்சுங்க.”

“அப்ப, கம்மாய் பொய்யா?”

“கம்மாயும் நெசம், கொப்புளமும் நெசம். ஒண்ணுக்காக இன்னொண்ண மறைக்கச் சொல்றீங்களா?”

அம்பலம் அந்தக் காலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “மஞ்சள அரைச்சுக் கொண்டாங்கடா, என்ன வேடிக்கை!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். வேட்டியை மடித்துக்கொண்டு அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

“ஏத்தா, மத்தியான வெயில்ல அந்தத் தாரு காலைச் சுடாதா?”

“சுடுங்கய்யா. விடியக்காலையிலயே போயிட்டு வந்துரணும்.”