கண்மாயில் ஓட்டிப் பார்த்த தகரப் படகு

ராஜபாளையத்தில் படகு செய்தார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. பஞ்சு மில்லும் மாந்தோப்பும் உள்ள ஊர். கடலைப் பார்ப்பதற்கு பஸ் ஏறிப் போக வேண்டும். போன மாதம் என் பேத்தி போனில் ஒரு வெள்ளைக்காரனைக் காட்டினாள். மூடி போட்ட படகுக்குள் உட்கார்ந்து காலால் மிதித்தே கடலைத் தாண்டப் போகிறானாம். கரையில் கூட்டம் நின்று கை தட்டியது.

"எம்புட்டுப் பெரிய விசயம் தெரியுமா ஆச்சி?" என்றாள்.

"இதை எங்க வீட்ல எப்பவோ செஞ்சாச்சுட்டீ" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சைக்கிள் விடுகிறவர். சைக்கிள் விடுவது என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர்ப் பொட்டலில் ஒரு கம்பத்தை நட்டு, ரேடியோக் குழாய் கட்டி, அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இறங்காமல் மிதிப்பது. சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயேதான். சேத்தூரில் விட்டார், மம்சாபுரத்தில் விட்டார். அவர் கால்கள் உலக்கை மாதிரி இருக்கும். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி வரும்போது பாத்திரம் பண்டத்தோடு தம்பியையும் சீராகக் கொண்டுவந்தாள் என்று அப்பா கேலி செய்வார்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த மாமா சோற்றில் கை வைக்கவில்லை. "யக்கா, சுத்திச் சுத்தி மிதிச்சு அதே கம்பத்துக்கிட்டயே வந்து நிக்கேன். ஒரு தடவையாவது நேரா ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும்" என்றார்.

"பஸ்ல போலே" என்றாள் அம்மா.

"படகுல பெடல் வச்சுக் கடல்ல போறேன். தூத்துக்குடில எறங்கி, கரையை ஒட்டியே மிதிச்சு, மெட்ராசுக்குப் போயிருவேன்."

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்குத் தொடங்கிய அழுகைதான். அடுப்பு ஊதும்போது அழுவாள், எனக்குத் தலை பின்னும்போது அழுவாள். அந்தப் படகு மிதக்கவே கூடாது என்று சாமியிடம் வாய்விட்டுக் கேட்பாள். அதைக் கேட்டுக்கொண்டே அப்பா படகு செய்ய ஆரம்பித்தார்.

அப்பா தகர வேலைக்காரர். சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டி இறைக்கிற கிணறுகளுக்கெல்லாம் தண்ணீர் அள்ளுகிற இரும்புச் சால் அவர் கையால் செய்ததுதான். வெந்நீர்க் கொப்பரை, மில்லுக்குத் தொட்டி எல்லாம் செய்வார். அவர் செய்த பாண்டம் எதுவும் ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. கடலை அவர் பார்த்ததில்லை. "கடல்னாலும் அது தண்ணிதான மாப்ளே" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். வேப்பஞ்சட்டத்தை வளைத்துக் கூடு கட்டி, அதன் மேல் தகரத்தை வைத்து ஆணி அறைந்தார். மாமாவின் சைக்கிளைப் பிரித்து, பெடலையும் செயினையும் நடுவில் பொருத்தினார். இரண்டு பக்கமும் தகரத் தகடு வைத்த சக்கரங்கள். மிதித்தால் அவை தண்ணீரைத் தள்ளும், படகு முன்னால் போகும். தகரமும் தகரமும் சேருகிற இடத்தில், மில்லில் வீசுகிற கழிவுப் பஞ்சைத் தாரில் முக்கி, சாலுக்குச் செய்வதுபோலவே உள்பக்கமிருந்து அடைத்தார். தெருவே தார் வாசனை அடித்தது.

முடிந்ததும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அப்பா பார்த்த முறையைச் சொன்னால் கடற்கரைக்காரர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. படகைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, அதற்குள் தண்ணீரை ஊற்றினோம். தெருப் பெண்கள் எல்லாரும் குடம் குடமாகக் கொண்டுவந்து விளிம்பு வரை நிரப்பினார்கள். அப்பா குனிந்து அடிப்பக்கமெல்லாம் கையால் தடவிப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது.

"ஒரு சொட்டு இல்ல" என்றார். மில் முதலாளிகூட அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "ஏமய்யா, இதுல எங்க எருமைய ஒரு நாளைக்கு விடட்டுமா? வெயிலுக்குச் சொகமா கெடக்கும்" என்றாள். அப்பா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அம்மாவின் அழுகை அவரை அரித்திருக்க வேண்டும். மாமாவை உட்காரவைத்து ஒரு கட்டுத்திட்டம் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய் அப்போது மழை பெய்து நிறைந்து கிடந்தது. "நெறை பாரத்தோட அக்கரை போய் இக்கரை வரணும் மாப்ளே. உள்ள தண்ணி வந்துச்சுன்னா அன்னைக்கே பிரிச்சிருவேன். பொறவு கடல் பேச்சே இருக்கக்கூடாது" என்றார்.

"என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுலே" என்றாள் அம்மா. மாமா அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

மாட்டு வண்டியில் படகைக் கவிழ்த்து ஏற்றிப் போனோம். வழியெல்லாம் விசாரணைதான். "எந்தக் கெணத்துக்குய்யா இம்புட்டுப் பெரிய சால்?" என்றார் ஒருவர். "கோயிலுக்குச் சோறாக்குத அண்டாவா?" என்றார் இன்னொருவர். "படகு" என்று மாமா சொன்னதும் அவர்கள் வேலையை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே வந்தார்கள். கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு திருவிழாக் கூட்டம் சேர்ந்திருந்தது.

பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றுவதாகத்தான் பேச்சு. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மூடை வேண்டாம். நான் ஏறுதேன். எங் கண்ணால பாக்கணும்" என்றாள். நான் விடாமல் அழுது அவளோடு ஏறிக்கொண்டேன். குடிதண்ணீருக்கு ஒரு செம்பும், சோறு கொண்டுபோன தூக்குவாளியும் எங்களோடு இருந்தன.

மாமா மிதித்தார். படகு போனது. அந்த நேரத்து சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியாது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் தண்ணீரை வாரி அடித்தன. கொக்குகள் எழுந்து பறந்தன. கரையில் நின்றவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். எங்கள் மாமா முதல் தடவையாக, கம்பம் எதையும் சுற்றாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

அக்கரையைத் தொட்டுத் திரும்பி நடுக்கண்மாய்க்கு வந்தபோது என் பாதம் ஈரமானது. குனிந்து பார்த்தேன். தகரம் சேருகிற இடத்தில் அடைத்திருந்த பஞ்சு, யாரோ வெளியிலிருந்து விரலால் தள்ளுவதுபோல உள்ளே துருத்திக்கொண்டு வந்தது. அதன் ஓரமாகத் தண்ணீர் ஊறி வழிந்தது.

"அம்மா, தண்ணி" என்றேன்.

"குடிக்கத் தாரேன், செத்த நேரம் பொறு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அம்மா என் வாயைப் பொத்தினாள். மாமா முன்னால் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் போட்ட சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா அவருடைய முதுகைப் பார்த்தாள். வியர்வையில் சட்டை ஒட்டிப்போயிருந்தது. அப்பா நிற்கும் கரையைப் பார்த்தாள். கணுக்கால் வரை ஏறியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு குதிகாலால் அந்தப் பஞ்சை அழுத்திக்கொண்டு, செம்பை எடுத்து இறைக்க ஆரம்பித்தாள். சக்கரம் வாரி அடிக்கிற இடத்தில் ஊற்றினாள். அங்கே ஊற்றினால் கரையில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியாது. தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள்.

"யக்கா, எப்படிப் போகுது?" என்று திரும்பாமலே கேட்டார் மாமா.

"நல்லாப் போகுது. நீ மிதி" என்றாள் அம்மா. குரல் மூச்சு வாங்கியது. கை நிற்கவில்லை.

கரை தட்டியதும் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தார். அம்மா காலை நீட்டி, நனைந்த சேலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். "சக்கரம் தெறிச்ச ஈரந்தான். ஒழுகல" என்றாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார். தகர வேலைக்காரருக்கு ஈரம் எது, ஒழுகல் எது என்று தெரியாமலா இருக்கும்? "சரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் அம்மா அவரிடம், "உள்ள பூசுனது போதும். வெளிய பூசுங்க. கடலு வெளிய இருந்துதான வரும்" என்றாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. தண்ணீரை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் ஆயுசெல்லாம் பாடுபட்டவர். வெளியிலிருந்து தண்ணீர் வரும் என்ற கவலை எங்கள் பக்கத்தில் யாருக்கு இருந்தது? படகைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கம் முழுவதும் பஞ்சும் தாருமாக இரண்டு தடவை பூசினார். மாமா கேட்டதற்கு, "உப்புத் தண்ணிக்கு இது வேணும் மாப்ளே" என்று சொல்லிவிட்டார்.

மாமா போனார். தூத்துக்குடியில் மீன்பிடிக்கிறவர்கள் அந்தப் படகைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் அவர்களே தள்ளியும் விட்டார்கள். ஊர் ஊராகக் கரை ஏறித் தங்கி, காய்ச்சலில் கிடந்து, தேறி, மறுபடி மிதித்து, கடைசியில் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் அவரை வேலைக்குப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். எப்போதாவது வருவார். அவர் கிளம்பிப் போன பிறகு, அம்மா கீரைக்காரியைக்கூட விடமாட்டாள். "எந் தம்பி கடல்ல மிதிச்சே மெட்ராசுக்குப் போனவன், தெரியும்லா?" என்பாள்.

நான் மம்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்களை முங்கவிடாமல் அம்மா காப்பாற்றிய கதையாகவே இதை என் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். அம்மா காலமாகிப் பல வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் அந்தக் கண்மாய்க் கரையில் பஸ் பழுதாகி நின்றது. கண்மாய் அன்றைக்குப் போலவே நிறைந்து கிடந்தது. நடுக்கண்மாயில் ஒரு ஆள் வலையை விரித்துக்கொண்டு நடந்து போனார். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது. கரையில் நின்றவரிடம் கேட்டேன். "மடைப் பக்கந்தான் ஆழம். மத்த எடமெல்லாம் எப்பவும் இம்புட்டுத்தான்" என்றார்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அந்தக் கண்மாயில் குளித்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாத பள்ளம் அதில் கிடையாது. செம்பைக் கீழே வைத்திருந்தால் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே கரையேறியிருப்பாள். மாமாவும் கடைசி வரை எங்களோடேயே இருந்திருப்பார்.

உயிருக்குப் பயந்துதான் இறைக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். அவளைவிட வேகமாக நானும் இறைத்தேன்.