கிழக்கு மூலை முளைக்குச்சி

சந்தையில் யாரும் சீந்தாத ஒரு கிடேரிக் கன்றோடு தொழில் தொடங்கியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எண்பதுகளின் நடுவில், பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு அதிகமாகப் பால் ஊற்றியது என் கொட்டகைதான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு வந்ததல்ல இது.

அந்த முதல் கன்றை, கொட்டகையின் கிழக்கு மூலையில் நானே வேலமரத்தில் செதுக்கி அடித்த முளைக்குச்சியில் கட்டினேன். அது வளர்ந்து, ஈன்று, கொட்டகையை நிரப்பியது. அதிலிருந்து என் வீட்டில் பிறக்கும் கன்று எதுவானாலும் அந்தக் குச்சியில்தான் கட்ட வேண்டும் என்று வைத்தேன். பொங்கலுக்கு மாட்டுக்கு மஞ்சள் பூசும்போது அதற்கும் பூசுவோம். கன்றுகள் நக்கி நக்கி அது தேய்த்த பித்தளைபோல் வழவழப்பாக இருந்தது. வருகிறவர்களிடம் அந்தப் பளபளப்பைத்தான் முதலில் காட்டுவேன்.

கலப்பின மாடுகள் பெருகிய பிறகு கன்றுகள் வரிசையாகப் பிறந்தன. அப்போதுதான் அடுத்தடுத்து இரண்டு கன்றுகள் செத்தன. இரண்டுக்கும் ஒரே மாதிரி. பிறந்து நாலைந்து நாளுக்குள், மோர் போல வெள்ளையும் மஞ்சளுமாகக் கழிச்சல். வால் அடியில் ஒட்டிக்கொள்ளும், கண் குழிவிழும், காது சில்லென்று ஆகும். அப்புறம் எழுந்திருக்காது. சீம்பால் கொடுக்கவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று ஊரே காத்திருந்த காலத்தில், கன்று தலை தூக்கியதும் காம்பில் வாய் வைக்கவிட்டவன் நான். அப்படியும் செத்தன. கண்ணேறு என்றார்கள். என் மனைவியின் தம்பி கொட்டகை வாசலில் நின்றுகொண்டே சொன்னான்:

“மாமா, உங்க குச்சி கன்னு வளக்கலீங்க, காவு வாங்குது.”

“நீ மொதல்ல ஒரு ஆட்டுக்குட்டியை வளத்துக் காட்டு, மாப்ள. அப்புறம் பேசலாம்” என்றேன்.

மூன்றாவதாக ஈன்றது என் மனைவி தன் கையால் வளர்த்த செவலைப் பசு. கிடேரிக் கன்று. அவள் அதன் நெற்றியைத் தடவிவிட்டு என்னிடம் சொன்னாள்: “இதுவும் போச்சுன்னா நான் கொட்டாய்ல கால் வெக்க மாட்டேங்க. நீங்களே பீச்சி, நீங்களே அள்ளிக்குங்க.” அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் கை இல்லாமல் கொட்டகை ஒரு வாரம் நிற்காது.

கன்றை வழக்கம்போல் கிழக்கு மூலையில் கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் கழிச்சல் கண்டது. பென்னாகரம் போய் மாட்டு டாக்டரை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். அவர் கன்றின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளின தோல் அப்படியே நின்றது.

“முன்ன செத்த கன்னுங்களை எங்க கட்டியிருந்தீங்க?”

“இதே எடந்தானுங்க. ராசியான எடம்.”

அவர் செருப்பு முனையால் குச்சியின் அடி மண்ணைக் கிளறினார். உள்ளே கறுப்பாக, சொதசொதவென்று இருந்தது.

“கழிச்சல் குடுக்கற கிருமி இதுல ஊறிக் கெடக்கு. பெரிய மாட்டை அது ஒண்ணும் பண்ணாது, சாணியில சும்மா வந்துபோகும். பொறந்த கன்னு வயித்துல போனா இப்படித்தான். கன்னுக்கு வாய் சும்மா இருக்காது. குச்சியை நக்குது பாருங்க.”

அந்த நிலையிலும் அது நக்கிக்கொண்டுதான் இருந்தது.

“இந்தக் குச்சியில எத்தனை கன்னு வளந்திருக்குது தெரியுங்களா?” என்றேன்.

“அப்ப வருசத்துக்கு ஒண்ணு கட்டினீங்க, எடம் காஞ்சுது. இப்ப ஒண்ணு எந்திரிக்கறதுக்குள்ள அடுத்ததைக் கட்டறீங்க. கிருமி சாகறதுக்கு நேரம் எங்க குடுத்தீங்க?”

என் மனைவி கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கன்றை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, வீட்டுக்கு முன்னால் வெயில் விழும் இடத்தில் புது வைக்கோல் விரித்துப் படுக்கவைத்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். பாலை நிறுத்த வேண்டாம், மூலையில் மண்ணை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு போடுங்கள், இனி ஒவ்வொரு கன்றுக்கும் காய்ந்த புது இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குச்சியைப் பிடுங்கப் போனேன். அசையவில்லை. நான் அடித்தது அப்படி. கடப்பாறை போட்டு நெம்பியும் மதியம் வரை ஆயிற்று. பிடுங்கியதை எங்கே வைப்பது என்று யோசித்தபடி நின்றேன். மஞ்சள் பூசிய கட்டையைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

“இங்க குடுங்க” என்று என் மனைவி வாங்கினாள். கன்றுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் சொருகினாள். வேலங்கட்டை நன்றாக எரிந்தது.

அன்று முழுக்கக் கன்று தலை தூக்கவில்லை. மறுநாள் சாயங்காலம், தண்ணீர் புகட்டிய அவள் முந்தானையைக் கவ்விச் சப்பியது. அதற்கடுத்த காலையில் கால் நடுங்க எழுந்து நின்றது. அதன் பிறகு கழிச்சலில் ஒரு கன்றும் என் கொட்டகையில் சாகவில்லை. வேறு எவனையாவது அப்படிச் சொல்லச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அந்தக் கிடேரி வளர்ந்து தலையீற்று ஈன்றபோது, கன்றை எங்கே கட்டுவது என்று அவள்தான் இடம் காட்டினாள். புதுக் குச்சியை நான் அடித்தேன். ஆழமாக அடிக்கவில்லை.