அப்பாவின் காருக்கு அம்மா போட்ட கையெழுத்து

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே அம்மா அவருடைய ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்துவிட்டாள். ஆவடியில் ஒரு அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. திருமுல்லைவாயல் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் அவருக்கு ஸ்கூட்டர்தான். அது இல்லாமல் சந்துமுனைக் கடைவரை நடப்பதும், எங்கேயாவது போக ஆட்டோவுக்குக் கை காட்டுவதும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதைவிடப் பிடிக்காதது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் தணிந்த குரலில் பேசியது. "நான் இன்னா தூங்கிகினா கீறேன்? சத்தமா பேசேன்டா" என்று என் சித்தப்பாவிடமே எரிந்து விழுந்தார்.

சில மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலப்பன்சாவடியில் இருக்கும் என் பிளாட்டிலிருந்து அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பிடும்போது கார் வாங்கப் போவதாகச் சொன்னார். மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தொழிற்சாலை ஜீப்பை ஓட்டிப் பழகிய கை, லைசென்ஸும் இருந்தது. என் சேமிப்பிலிருந்து தருகிறேன், மொத்தமாகக் கட்டி வாங்கிவிடலாம், வட்டி மிச்சம் என்றேன். நான் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள். எவ்வளவு மிச்சமாகும் என்று லேப்டாப்பில் போட்டும் காட்டினேன். அப்பா திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் துட்டு உன்னாண்டயே இருக்கட்டும்மா. பென்சன் வர்ற பேங்குலயே லோன் போட்டுக்கறேன்."

அவருக்குக் கடன் கிடைக்காது என்றுதான் நான் நினைத்தேன். கிடைத்தது, அதுவும் ஐந்து வருடத் தவணையில். அன்று மாலை அவர் போனில் பேசிய உற்சாகக் குரலை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை.

"நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிகீறாங்கன்னு நானே சொன்னேம்மா. அப்பவும் அஞ்சு வருஷம் போட்டுக் குடுத்துகீறான். பேங்குக்காரன் சும்மா குடுப்பானா? ஆளு இருப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சிகீது."

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு என்னவோ கண் கலங்கியது. டாக்டர்கள் தைரியம் சொன்னபோது வராத தெம்பு, ஒரு கடன் பத்திரத்தில் அவருக்கு வந்திருந்தது.

வெள்ளை நிறச் சின்னக் கார் வந்தது. காலையில் நடக்கப் போகும் இடத்தில் எல்லாரிடமும் அப்பா கடனின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். "மொத்தத்தையும் குடுத்துட்டா அப்பறம் கையில இன்னா கீது? மாசா மாசம் டியூ கட்டுனா கையிலயும் காசு கீது, ஊட்டு வாசல்ல வண்டியும் கீது." அந்தப் பேச்சைக் கேட்டு, பக்கத்துத் தெருவில் ஒருவர் பிரிட்ஜைத் தவணையில் வாங்கினார் என்றுகூட அம்மா சொன்னாள்.

அம்மா அதைச் சிரிக்காமல் சொன்னாள். மாதப் பிறப்பில் டியூ பிடித்ததும் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அவர் அதைச் சத்தமாகப் படிப்பார். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். காரில் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்வாள். கடன் என்றாலே அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான் விஷயம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் போனது. அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, அந்தக் காசில் சீட்டு கட்டிவந்தாள். சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"இதோட, நான் சேத்து வெச்சிருக்கறதும் போட்டா, கார் டியூ பாக்கியை ஒரேடியா கட்டிடலாம். உங்கப்பாவாண்ட சொல்லு."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "உன் சீட்டுக் காசு, நீ வளையல் வாங்கிப் போட்டுக்கோ. என் வண்டி டியூவை நான் கட்டுவேன்." சில வாரங்கள் இந்தப் பேச்சே ஓடியது. இருவரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து மற்றவரைப் பற்றிக் குறை சொன்னார்கள். கடைசியில் அப்பா, பேங்கிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்றார். அவர்கள் தன் பக்கம்தான் பேசுவார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அம்பத்தூர் கிளையில் ஒரு இளம் பெண் அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பேசினார். அப்பா நினைத்தபடியேதான் நடந்தது.

"வட்டியில பெரும்பகுதியை முதல் ரெண்டு மூணு வருஷத்துலயே கட்டிடறீங்கம்மா. இப்ப முடிச்சா பெருசா மிச்சமாகாது. அந்தப் பணத்தை டெபாசிட்ல போட்டு வைங்க. சாருக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா உடனே எடுத்துக்கலாம். கையில பணம் இருக்கறது நல்லதும்மா."

அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் பெண் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அம்மா பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொல்றது சரிதாம்மா" என்றாள். "ஆனா கடன் குடுக்கறப்போ இந்த எடத்துல வேற ஒரு தம்பி இருந்தாரு. நான் ஜாமீன் கையெழுத்துப் போடணும்னாரு. எதுக்குன்னு கேட்டேன். சார் இல்லாமப் பூட்டா, அப்பறம் உங்களுக்கு வர்ற பென்சன்ல புடிச்சிக்குவோம்னாரு. அவர் மேல தப்பில்ல, கேட்டதுக்குச் சொன்னாரு. இவரை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிக்கினு வந்து அப்ப ஒரு வருஷங்கூட ஆவல. அதுல நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். ஒவ்வொரு மாசமும் இவரு டியூ போச்சுன்னு படிக்கறப்போ எனக்கு அந்தப் பேச்சுதான் காதுல உழுது."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நானும் அன்னிக்கு இங்கதான இருந்தேன்?"

"நீங்க போன்ல எந்தக் கலர் வண்டின்னு பாத்துக்கினு இருந்தீங்க."

"ஊட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம் இல்லம்மே?"

"எத்தினி நாளைக்கு அப்பறம் சிரிச்சீங்க. அப்பப் போயி இதை எப்படிச் சொல்றது?"

அப்பா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். வட்டி பற்றியோ டெபாசிட் பற்றியோ அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடன் முடிந்ததற்கான சான்று வந்ததும், ஆர்.சி. புத்தகத்திலிருந்து பேங்கின் பெயரை எடுக்க அவரே அலைந்தார். அதெல்லாம் உற்சாகமாகத்தான் செய்தார். ஆனால் அடுத்த மாதம் பிறந்து, குறுஞ்செய்தி எதுவும் வராமல் போனபோது முகம் வாடிவிட்டதாம். அம்மாதான் சொன்னாள். "காலையில இருந்து போனைப் பாத்துக்கினே கீறாரு. பேங்குக்காரன் கைவுட்டா மாதிரி குந்திகினு கீறாரு."

அன்று சாயங்காலம் அவளே வழி கண்டுபிடித்தாள். டியூவுக்குப் போன பணத்தில் மாதம் ஒரு முறை தன்னை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்றாள். ஆச்சரியத்தில் அப்பா அதை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டிருக்கிறார். முதலில் திருவேற்காடு போனார்கள். அடுத்த மாதம் வேப்பம்பட்டில் இருக்கும் பெரியம்மா வீடு. பிறகு திருத்தணி, காஞ்சிபுரம் என்று தூரம் கூடிக்கொண்டே போனது.

போன மாதம் நானும் பின்சீட்டில் இருந்தேன். பூந்தமல்லியில் வண்டிகள் நகராமல் நின்றன. அம்மா முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இந்த வழியாக வர வேண்டாம் என்று அப்போதே சொன்னேன் என்றாள். நீ எப்போது சொன்னாய் என்று அப்பா சத்தம் போட்டார். அவள் உரித்த கடலையை அவர் கையில் கொட்டி, "ரோட்டைப் பாருங்க, முன்னாடி வண்டிக்காரன் போய்ட்டான்" என்றாள்.