சந்தனத்தின் மேல் விழுந்த பழி

சந்தன வாசனை வந்தாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காரணம் எங்கள் ஆபீஸ் சீனியர்.

விழிஞ்ஞத்து மீன்பிடி வள்ளங்களுக்காக ஒரு சின்னக் கருவி செய்துகொண்டிருந்தோம். வள்ளம் கடலில் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் கருவி. அதற்கான மூன்று மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளில் பின்களையும் ஆண்டெனாவையும் சால்டர் செய்தவள் நான். அதில் ஓடும் புரோகிராம் சீனியருடையது. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. நான் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. என் வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்குப் போகவேண்டியதுதானா என்று பாரத்தில் எழுதவேண்டியவரும் அவரே.

எங்கள் ஆபீசில் பூஜை வைப்பு உண்டு. அஷ்டமி சாயங்காலம் புத்தகம், ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், போர்டு எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஸ்ரீவராகம் அக்ரகாரத்துப் பெண்ணுக்குத்தான் முறை தெரியும் என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியதும் ஆபீஸ்காரர்கள்தான். வைப்பதற்குச் சற்று முன்னால் சீனியர், "ஒரு நிமிசம், தா" என்று மூன்று போர்டையும் வாங்கி, புதிதாக எழுதிய புரோகிராமை ஏற்றித் திருப்பித் தந்தார். நான் ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். பின்கள் இருக்கும் பக்கம் விரல்கூடப் போகவில்லை.

விஜயதசமி காலை முதல் போர்டை எடுத்து டீபக் ப்ரோபை மாட்டினேன். அது தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் மாட்டும், மறுபக்கம் நாலு ஒயர் போர்டுக்குப் போகும். சிப்புக்குள் எட்டிப் பார்க்கவும் புரோகிராமை மாற்றவும் எங்களுக்கு அந்த ஒரே வழிதான். கனெக்ட் கொடுத்தேன். போர்டைக் காணோம் என்றது திரை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே.

சீனியர் வந்து பார்த்தார். ஒயரைக்கூடத் தொடவில்லை.

"பூஜைக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு, இப்போ செத்துக் கெடக்கு. நடுவுல என்ன நடந்துச்சு? சந்தனம். ஈரத்தக் கொண்டு போர்டுல தேச்சா ஷார்ட் ஆவாதா பின்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் நான் 'சந்தனம் மேடம்' ஆகிவிட்டேன். மேனேஜர் நல்ல மனுஷர்தான், அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "வள்ளக்காரர் வியாழாழ்ச்ச வருமல்லோ. மோளே, ஒன்னு ஸ்ரத்திச்சூடே?" என்றார். வியாழக்கிழமை வள்ளக்காரர் வந்துவிடுவாரே, கொஞ்சம் கவனிக்கக்கூடாதா மகளே என்று கேட்கிறார். சீனியர் அவரிடம் என் எதிரிலேயே, "ரிப்போர்ட்ல எழுதத்தான் வேணும் சார்" என்றார்.

அதைவிடக் கேவலம், நானே பாதி நம்பிவிட்டேன். ஸ்பிரிட்டும் பழைய டூத்பிரஷும் எடுத்து இரண்டு போர்டைத் தேய்தேய் என்று தேய்த்தேன். ஒயர் மாற்றினேன், பின்களை மறுபடி சால்டர் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் நடந்தது சந்தனம் மட்டும்தானா, அவர் புரோகிராமும்தானே ஏறியது என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் புரோகிராமைத் திறந்தேன். சிவப்பும் பச்சையுமாக இரண்டு விளக்கு சேர்க்கப்போகிறாராம். விளக்கு இன்னும் வாங்கவே இல்லை. போர்டில் பின் போதாமல், ப்ரோப் பேசுவதற்கென்று இருக்கும் இரண்டு பின்னையும் விளக்குக்கு எழுதிவைத்திருந்தார். கரண்ட் வந்ததும் புரோகிராம் ஓடி அந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ப்ரோப் என்ன கூப்பிட்டாலும் சிப்புக்குக் கேட்காது.

சீனியரையும் மேனேஜரையும் என் மேஜைக்குக் கூப்பிட்டேன். துடைக்காத மூன்றாவது போர்டை மாட்டினேன். ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடித்தால் புரோகிராம் ஓடாது. அமுக்கிக்கொண்டே கனெக்ட் கொடுத்து, பிறகு விரலை எடுத்தேன். சிப்பின் பெயர் திரையில் வந்தது. சந்தனப் பொட்டு காய்ந்துபோய் மூலையில் அப்படியே இருந்தது.

"ஓ, அந்தப் பின்னா? சின்ன விசயம்லா, மாத்திரலாம்" என்றார் சீனியர்.

"அதொக்கெ ஆர்க்கும் பற்றும்" என்று மேனேஜர் சிரித்தார். யாருக்கும் நேரலாமாம். நான் செய்தால் கவனக்குறைவு, அவர் செய்தால் சின்ன விஷயம். காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருத்தர் தலைகூட இப்போது நிமிரவில்லை.

போர்டுகள் வியாழக்கிழமை வள்ளத்தில் போயின. வெள்ளிக்கிழமை பாரம் என் கையெழுத்துக்கு வந்தது. வேலை நிரந்தரம் என்று போட்டிருந்தது. கீழே குறிப்பில், 'போர்டுகளைக் கையாள்வதில் கூடுதல் கவனம் தேவை' என்று சீனியர் கையெழுத்தில் ஒரு வரி.

"சார், இது என்ன?" என்றேன்.

"அது அன்னைக்கே எழுதுனது. வேலதான் கெடச்சாச்சே, ஒரு வரில என்ன இருக்கு?"

"விட்டுகள மோளே" என்று மேனேஜரும் விட்டுத்தள்ளச் சொன்னார்.

கோபம் வந்தால் எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன்.

"அந்த வரிய அடிங்கோ சார். இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பற பாரத்த எடுத்துண்டு வாங்கோ, அதுல கையெழுத்துப் போடறேன்."

மேனேஜர் தன் பேனாவை எடுத்து சீனியர் பக்கம் தள்ளினார். சீனியர் அந்த வரியை அடித்தார். எழுதியதை அடித்தால் பக்கத்தில் அடித்தவர் இனிஷியல் போடவேண்டும். அதையும் போடச் சொன்னேன். போட்ட பிறகுதான் என் பேனாவைத் திறந்தேன்.